பாதாம் பிசின்: வாங்குவது முதல் வயிற்றில் நடப்பது வரை

வெயில் ஏறத் தொடங்கியதும் நாட்டு மருந்துக் கடைகளில் அதிகம் கேட்கப்படும் சரக்குகளில் பாதாம் பிசினும் ஒன்று. முதல்முறை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு கைப்பிடி அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஏன் இன்னும் கல்லாவே இருக்கு?" என்று குழம்புவார்கள். பாதாம் பிசினைப் பொறுத்தவரை எல்லாமே தண்ணீர்தான். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், எந்தத் தண்ணீர் என்பதைப் பிடித்துக்கொண்டால் சமையலும் சரியாக வரும், உடம்புக்கும் தொந்தரவு இருக்காது.

முதலில் மரத்தைப் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் தெருக்களில் குடை விரித்தாற்போல் நிற்கும் நாட்டு வாதுமை மரம் வேறு. இந்தப் பிசின் வரும் பாதாம் மரம் வேறு. நாம் ஊறவைத்துத் தோலுரித்துச் சாப்பிடும் பாதாம் பருப்பின் மரம் பீச், பிளம், ஆப்ரிகாட், செர்ரி ஆகியவற்றின் குடும்பம். குளிர்காலம் உள்ள ஊர்களில்தான் காய்க்கும். இந்தியாவில் காஷ்மீரும் இமாச்சலமும் அதற்கு ஏற்ற இடங்கள். பட்டையில் வெட்டு விழுந்தாலோ, துளைப்பான் பூச்சி குடைந்தாலோ, பூஞ்சை தாக்கினாலோ மரம் அந்த இடத்தில் பிசினைக் கசியவிடும். அது காற்றிலும் வெயிலிலும் இறுகிக் கட்டியாகிறது. அதாவது, நாம் குடிக்கும் இந்தப் பொருள் மரம் தன் காயத்தை மூடப் போட்ட பூச்சு.

வேதியியலில் பிசின் என்பது சர்க்கரை மூலக்கூறுகள் கிளை கிளையாகக் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி. பாதாம் பிசினில் அரபினோஸும் கேலக்டோஸும் அதிகம். கொஞ்சம் யூரானிக் அமிலமும் உண்டு. இந்த அமிலப் பகுதிகளுக்கு மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. சங்கிலிகள் விலக விலக நடுவில் தண்ணீர் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. கட்டி ஊதுவதற்குக் காரணம் இதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஊறவைக்கும்போது வரும் பாதிப் பிரச்சினைகளுக்கு விடை இதில் இருக்கிறது.

கடையில் எதைக் கேட்பது

"பிசின்" என்று மட்டும் கேட்டால் எதையாவது கொடுப்பார்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சாப்பாட்டுப் பிசின்களில் நான்கைப் பிரித்தறியத் தெரிந்தால் போதும்.

பாதாம் பிசின் இளமஞ்சளிலிருந்து கருஞ்சிவப்பு வரை இருக்கும். ஒழுங்கில்லாத கட்டிகள், ஆங்காங்கே பட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரங்களில் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும். தண்ணீரில் முழுதாகக் கரையாது. ஊதி, கண்ணாடி போன்ற துண்டுகளாக நிற்கும்.

கருவேலம் பிசின் உருண்டை உருண்டையாக, உடைத்தால் கண்ணாடிச் சில்லு போல் பளபளக்கும். இது தண்ணீரில் முழுதாகக் கரைந்துவிடும். வடஇந்தியர் நெய்யில் பொரித்து லட்டில் சேர்க்கும் "கோந்து" இந்த வகைதான். சூடான நெய்யில் போட்டால் பொரி போல் உப்பும். புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, இதை வாங்கிவந்து ஊறவைப்பது. காலையில் பார்த்தால் கிண்ணத்தில் ஜெல்லி இருக்காது, பசைத் தண்ணீர்தான் இருக்கும். பிசின் கெட்டுப்போகவில்லை, வாங்கிய சரக்கு வேறு.

டிராககாந்து ஈரான், துருக்கி பக்கத்து முட்செடியிலிருந்து வருவது. வெள்ளையாக, தட்டையான செதில்களாக அல்லது நாடா போல் இருக்கும். ஊறினால் பாதாம் பிசினைப் போலத் தெளிவாக இல்லாமல் பால்வெள்ளையாகத் தெரியும். "கதீரா" என்ற பெயரில் இதையும், அடுத்து வரும் கரையா பிசினையும் (Karaya, இது பெயர்தான், "கரையாத" என்ற பொருளில் அல்ல) மாற்றி மாற்றி விற்பதுண்டு.

கரையா பிசின் நம் நாட்டின் வறண்ட காடுகளில் வளரும் மரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இதைக் கண்டுபிடிக்க மூக்கு போதும். ஒரு கைப்பிடியை மூடிபோட்ட டப்பாவில் ஒருநாள் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது கரையா. அதன் சங்கிலியில் அசிட்டைல் தொகுதிகள் இருப்பதால் மெல்ல அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. பாதாம் பிசினுக்கு ஏறக்குறைய மணமே கிடையாது.

டிராககாந்தும் கரையாவும் சாப்பிடக்கூடியவைதான், எனவே மாறி வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். ஆனால் ஜிகர்தண்டாவில் நுங்குத் துண்டு போல் வாயில் வழுக்கிக்கொண்டு போக வேண்டியது கிடைக்காது. குங்கிலியம், சாம்பிராணி போன்றவை இந்தக் கூட்டத்தில் சேரா. அவை தண்ணீரில் ஊதாமல் நெருப்பில் உருகிப் புகையும்.

வாங்கும்போது கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், பையைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். ஒட்டியிருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. எல்லாக் கட்டியும் ஒரே நிறத்தில், ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படுங்கள். மரத்திலிருந்து வருவது அப்படி இருக்காது. பொடியாக விற்பதைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. பொடி கையில் இருந்தால், தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு டிஞ்சர் அயோடின் விட்டுப் பாருங்கள். கருநீலமாக மாறினால் மாவு கலந்திருக்கிறது. முதல்முறைக்கு 50 கிராம் போதும், பல வாரங்களுக்கு வரும்.

ஊறவைக்கும் முறை

ஒரு டீஸ்பூன் கட்டிக்கு, அதாவது ஏறக்குறைய 5 கிராமுக்கு, மூன்று டம்ளர் தண்ணீர். இது மிகையாகத் தோன்றும். ஆனால் நல்ல சரக்காக இருந்தால் அந்த ஒரு டீஸ்பூன் முக்கால் டம்ளரிலிருந்து ஒரு டம்ளர் வரை ஜெல்லியாக வரும், மீதித் தண்ணீர் அதன் மேல் நிற்க வேண்டும். தண்ணீர் தீர்ந்துபோனால் கட்டி பாதியில் நின்றுவிடும்.

1. பெரிய கட்டிகளைத் துணியில் சுற்றி, அம்மிக் குழவியாலோ உலக்கையாலோ லேசாகத் தட்டிப் பட்டாணி அளவுக்கு உடையுங்கள். பொடியாக்கக் கூடாது.

2. ஒருமுறை தண்ணீரில் அலசித் தூசியை வடித்துவிடுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் அலசினால் வெளிப்பகுதி வழவழப்பாகிக் கையில் ஒட்டும்.

3. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றுங்கள். இந்த ஜெல்லியைப் பிறகு கொதிக்கவிடப் போவதில்லை, அதனால் ஊறும் தண்ணீரே குடிக்கும் தண்ணீர்.

4. அகலமான பாத்திரத்தில் மூடி வைத்து, 8 முதல் 12 மணி நேரம் விடுங்கள். இரவு போட்டால் காலையில் எடுக்கலாம். நடுவில் ஒருமுறை கிளறினால் அடியில் ஒட்டாது. கத்திரி வெயில் நாட்களில் முதல் மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பிறகு ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள், அங்கேயும் ஊறும், சற்று மெதுவாக.

5. ஊறியபின் பெரிய கண் உள்ள வடிகட்டியில் கொட்டி, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். பட்டைத் துணுக்குகள் கறுப்பு நூல் போல ஜெல்லிக்குள் தெரியும். அவற்றை விரலால் கிள்ளி எடுக்க வேண்டும், வேறு வழி இல்லை. பொறுமையாகச் செய்யுங்கள், ஒரு துணுக்கு பல்லில் பட்டாலும் மொத்த டம்ளரும் மண்ணாகத் தோன்றும்.

6. கடைசியாக ஒரு பெரிய துண்டை எடுத்து இரு விரல்களுக்கு நடுவே நசுக்கிப் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஊறிய துண்டில் வெளியே நுங்கு போலத் தெளிவாகவும், உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு சிறு கல் போலவும் இருக்கும். முழுதாக ஊறியதில் அந்தக் கல் இருக்காது, நசுக்கினால் தடையின்றிப் பிதுங்கும். கல் தட்டுப்பட்டால் தண்ணீர் மாற்றி இன்னும் மூன்று மணி நேரம் விடுங்கள்.

சரியாக ஊதாததற்குக் காரணங்கள்

மிகச் சாதாரணமான காரணம் போர் தண்ணீர். கால்சியமும் உப்பும் நிறைந்த கடினத் தண்ணீரில் அந்த மின்னேற்றங்கள் மூடப்பட்டுவிடும். சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளாது. அதனால் அதே பிசின் மழைத் தண்ணீரிலோ சுத்திகரித்த தண்ணீரிலோ பெரிதாகவும், உவர்த் தண்ணீரில் சிறிதாகவும் வருகிறது. கடைக்காரரைக் குறை சொல்லும் முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

நேரத்தை மிச்சம் பிடிக்க நேராகப் பாலிலோ சர்பத்திலோ ஊறப்போடுவது இன்னொரு தவறு. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் பிடித்துக்கொள்ளும், பிசினுக்குக் கிடைக்காது. எலுமிச்சைச் சாறும் அப்படியே, அமிலத்தில் பிசின் சுருங்கும். முதலில் வெறும் தண்ணீரில் முழுதாக ஊறட்டும், இனிப்பும் புளிப்பும் பிறகு.

கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் வேகமாக ஊறும் என்று பலர் சொல்வார்கள். மேல்பகுதி சீக்கிரம் இளகிக் குழகுழவென்று ஆகும். உள்ளே கல் அப்படியே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். பொடித்துப் போட்டால் வேறு தொல்லை: ஒவ்வொரு துகளும் வெளியே பசையாகி ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே உலர்ந்த மாவு சிக்கிய உருண்டைகளாகும். பொடிதான் இருக்கிறது என்றால், தண்ணீரைக் கரண்டியால் சுழற்றிக்கொண்டே சிறிது சிறிதாகத் தூவுங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

நம் வாயிலோ இரைப்பையிலோ சிறுகுடலிலோ இந்தச் சங்கிலியை வெட்டும் நொதி கிடையாது. அரிசியின் மாவுச்சத்தை உடைக்கிற நொதி இதைத் தொடாது. எனவே பிசின், பிடித்துவைத்த தண்ணீரோடு பெருங்குடல் வரை போகிறது. மலத்தில் ஈரம் தங்கும், அளவு கூடும், இளகும். மலச்சிக்கலுக்கு இது உதவும் என்று பாட்டிமார் சொன்னதில் உண்மை உள்ளது. ஆனால் ஒரே இரவில் பேதி மாத்திரை போல வேலை செய்யாது. ஓரிரு நாள் ஆகும், அந்த நாட்களில் தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும்.

பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்குப் பிசின் தீனி. எந்தப் பிசின் எவ்வளவு தீனியாகும் என்பது வகைக்கு வகை மாறும்: கருவேலம் இனத்துப் பிசின் நன்றாக நொதிக்கும், கரையா அவ்வளவாக நொதிக்காது. நொதிக்கும்போது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. பியூட்டிரேட் குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருள். கூடவே வாயுவும் உண்டாகும். முதல் நாளே ஒரு டம்ளர் நிறையச் சாப்பிட்டுவிட்டு வயிறு உப்பிசமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு நடப்பது இதுதான். ஊறிய ஜெல்லி இரண்டு டேபிள்ஸ்பூனில் தொடங்கி, நான்கைந்து நாள் வயிறு பழகியபின் கூட்டுங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உணவுப் பாக்கெட்டுகளின் பின்புறம் ஐஎன்எஸ் எண்கள் பார்த்திருப்பீர்கள், உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச அடையாள எண்கள் அவை. கொத்தவரை விதைப் பசைக்கு 412, டிராககாந்துக்கு 413, கருவேலம் இனத்துப் பிசினுக்கு 414, கரையாவுக்கு 416. இவற்றைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். 414-ஐ அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2021-இல் நார்ச்சத்தாகவும் ஏற்றுக்கொண்டது. பாதாம் பிசினுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. மாத்திரைகளில் பிணைப்புப் பொருளாகவும், பழங்கள் சீக்கிரம் வாடாமலிருக்க மேல்பூச்சாகவும் அதை ஆய்வகங்களில் சோதித்திருக்கிறார்கள். மனிதர்கள் சாப்பிட்டு அளந்த ஆய்வுகள் சொற்பம். சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்தது கருவேலம் இனத்துப் பிசினை. சர்க்கரை மெதுவாக ஏறுவதாகக் காட்டியது தண்ணீரைக் கெட்டியாக்கும் கொத்தவரைப் பசையில். அந்த முடிவுகளை அப்படியே எடுத்து "பாதாம் பிசின் சர்க்கரையைக் குறைக்கும், சிறுநீரகத்தைக் காக்கும்" என்று எழுதுவது சரியல்ல. தனித்தனித் துண்டாக நிற்கும் ஜெல்லியும், டம்ளர் முழுக்கக் கெட்டியாகும் பசையும் வயிற்றில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

"உடல் சூட்டைத் தணிக்கும்" என்பதைப் பற்றி: குளிர்ந்த பாலும், நன்னாரியும், தண்ணீர் பிடித்த ஜெல்லியும் வெயிலில் தரும் இதம் உண்மையானது. நீர் உள்ளே போகிறது, வாய் குளிர்கிறது. ஆனால் வெயிலில் வேலை செய்து மயங்கியவருக்கு, உடம்பு கொதித்து வியர்வை நின்றுபோனவருக்கு, பேச்சு குழறுகிறவருக்கு இது மருந்தல்ல. நிழலுக்கு மாற்றி, உடம்பை நனைத்து விசிறி, உடனே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். முடி வளரும், மூட்டு பலப்படும், ஆண்மை கூடும் என்ற விளம்பரங்களுக்கு நம்பத்தக்க சான்று இல்லை. எடை குறையுமா என்றால், ஜெல்லியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் கலோரி மிகக் குறைவு. வயிறு நிறைந்த உணர்வும் தரும். ஆனால் அதன் மேல் ஊற்றுகிற சர்பத்தையும் பாசுந்தியையும் ஐஸ்கிரீமையும் கணக்கில் எடுத்தால் கதை மாறிவிடும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

ஊறாத பிசினை, பொடியானாலும் கட்டியானாலும், விழுங்கவே கூடாது. அது உள்ளே போய்த்தான் ஊதும். அமெரிக்காவில் 1990 வாக்கில் கொத்தவரைப் பசையில் செய்த எடைக்குறைப்பு மாத்திரைகள் உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொண்டதால் அவற்றைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. தண்ணீரில் ஊதும் பிசின் எதுவானாலும் இந்த ஆபத்து பொதுவானது. விழுங்கச் சிரமப்படும் முதியவர்கள், உணவுக்குழாயோ குடலோ சுருங்கியவர்கள், குடல் அறுவை சிகிச்சை ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு வழுக்கும் பெரிய துண்டுகள் தொண்டையில் சிக்கலாம். கொடுப்பதானால் நன்றாக மசித்துக் கொடுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குறிப்பாகச் சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் சாப்பிடுகிறவர்கள், மாத்திரைக்கும் பிசினுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு இன்னும் கூடுதலாக, உங்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளி. வழவழப்பு மருந்தைச் சுற்றிக்கொண்டால் உடம்பில் ஏறுவது தாமதமாகலாம். பாதாம் பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க: ஒவ்வாமை தருவது பருப்பின் புரதம், பிசின் பெரும்பாலும் சர்க்கரைச் சங்கிலி. இருந்தாலும் பருப்பும் பிசினும் ஒரே சாக்கில், ஒரே தராசில் புழங்கும் கடைகளே அதிகம். கடுமையான ஒவ்வாமை இருந்தால் விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை, மேலே சொன்னதுபோல் ஆய்வுகள் குறைவு. எப்போதாவது ஒரு டம்ளர் ஜிகர்தண்டா குடிப்பதும், தினமும் மருந்தாக எடுப்பதும் ஒன்றல்ல, இரண்டாவதற்கு மருத்துவரைக் கேளுங்கள்.

எதில் சேர்ப்பது

பிசினுக்கென்று சுவை கிடையாது, அதனால் எதோடும் ஒத்துப்போகும். மதுரை ஜிகர்தண்டாவை வீட்டில் செய்ய, அரை லிட்டர் கெட்டிப் பாலை அடிப்பிடிக்காமல் 300 மில்லி வரும்வரை சிறு தீயில் சுண்டக் காய்ச்சி, மூன்று டீஸ்பூன் சர்க்கரை போட்டு, நன்றாகக் குளிரவையுங்கள். டம்ளரின் அடியில் இரண்டு டேபிள்ஸ்பூன் ஊறிய பிசின், அதன் மேல் ஒரு டேபிள்ஸ்பூன் நன்னாரி சர்பத், பிறகு பால், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். இரண்டு பேருக்குத் தாராளமாக வரும். பாட்டில் நன்னாரி வாங்கினால் லேபிளைப் பாருங்கள், பலவற்றில் சிட்ரிக் அமிலம் இருக்கும். பால் வெதுவெதுப்பாக இருக்கும்போது அதை ஊற்றினால் திரிந்துவிடும். பாலும் சர்பத்தும் சில்லென்று இருக்க வேண்டும் என்பது சுவைக்காக மட்டுமல்ல.

இனிப்பு வேண்டாதவர்கள் நீர்மோரில் போடலாம். மோரின் உப்பும் புளிப்பும் ஜெல்லியைச் சுருக்கும் என்பதால் குடிக்கிற நேரத்தில் சேருங்கள். ஒரு மணி நேரம் முன்பே போட்டு வைத்தால் துண்டுகள் சிறுத்து, மோர் நீர்த்துப்போகும். இளநீர், நுங்கு, ரோஸ்மில்க், பழச்சாறு எல்லாவற்றுக்கும் இதே விதி. சூடான பாயசத்தில் போட்டால் துண்டுகள் உருக்குலைந்து பசையாகும், அதனால் ஆறியபின் சேர்க்க வேண்டும்.

எடுத்து வைப்பது

உலர்ந்த கட்டியைக் கண்ணாடி ஜாடியில் இறுக மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வைத்தால் ஓராண்டுக்கு மேல் தாங்கும். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. மழைக்காலத்தில் கட்டிகள் ஒட்டத் தொடங்கினால் தாம்பாளத்தில் பரப்பி, நிழலில் மின்விசிறிக்கு அடியில் ஒருநாள் உலர்த்துங்கள். பூஞ்சை நூல் தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

ஊறிய ஜெல்லி ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. அதில் உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை, கிருமியைத் தடுக்க எதுவும் இல்லை. முதலில் புளிப்பு வாடை வரும், பிறகு தண்ணீர் கலங்கி நூலாக இழுக்கும். வாடை மட்டும் வந்த நிலையில் கழுவிப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். கழுவினால் போகிறது வாடை மட்டுந்தான். ஒரு டீஸ்பூனே ஒரு டம்ளர் தருகிறது என்பதால் வாரத்துக்கென்று மொத்தமாக ஊறவைக்காமல், இரவுக்கு இரவு தேவைப்படும் அளவு மட்டும் போடுங்கள்.